பயிற்சி எடுத்ததாக நான் போட்ட கையெழுத்து: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

நவம்பர், 2025

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

இந்த மாதம் முதல் வாரத்தில் எங்கள் உலர்கழிவு ஷெட்டின் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். கையுறையும் முகக்கவசமும் அணியாமல் வேலை செய்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும். அப்படி வேலை செய்து காயம்பட்டால் நிறுவனம் பொறுப்பாகாது. எல்லாப் பணியாளர்களும் ஏற்கெனவே பாதுகாப்புப் பயிற்சி பெற்றுவிட்டதால், தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. மூன்றே விஷயங்கள். கீழே ஒப்பந்த நிறுவனத்தின் முத்திரை. அதற்கும் கீழே 'நகல்: ஆணையர்' என்று அச்சிட்டிருந்தது.

நகல் உங்களுக்கு வந்திருக்கும். அந்தத் தாளில் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அந்த ஷெட்டில் மூன்று வருடமாகக் குப்பை பிரிக்கிறேன். அதற்கு முன்னால் நான்கு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன். இரண்டு இடத்திலும் இருந்தவள் என்பதால்தான் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 20 தீபாவளி. அந்த வாரம் முழுக்க விட்டு விட்டு மழை. 22-ஆம் தேதி புதன்கிழமை காலை ஷெட்டுக்குப் போனால், வழக்கமாக வருவதைப் போல இரண்டு மடங்கு குப்பை கொட்டிக் கிடந்தது. பட்டாசு அட்டை, இனிப்புப் பெட்டி, துணிக்கடைக் கவர், எல்லாம் நனைந்து ஊறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள் என்று தினமும் வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறோம். பண்டிகை நாளில் யார் பிரிக்கிறார்கள்? எல்லாம் ஒரே கவரில் வரும். அதைப் பிரிப்பது எங்கள் விரல்கள்தான்.

என் பக்கத்தில் நின்று பிரிப்பவர் ஷெட்டிலேயே மூத்தவர். 52 வயது. எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முடிச்சுப் போட்ட கறுப்புக் கவர் ஒன்றை அவிழ்த்து உள்ளே கைவிட்டவர், 'ஸ்ஸ்' என்று கையை இழுத்தார். கட்டை விரலுக்குக் கீழே ஊசி குத்தியிருந்தது. சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டிலேயே போட்டுக்கொள்கிற இன்சுலின் ஊசி. மூடி இல்லை. அந்தக் கவரில் அதே மாதிரி இன்னும் பதினொன்று இருந்தன, அப்புறம் எண்ணிப் பார்த்தேன். அக்கா ஊசியைப் பிடுங்கிப் போட்டார், முந்தானையில் ரத்தத்தைத் துடைத்தார், அடுத்த கவரை எடுத்தார்.

ஆணையர் அவர்களே, அந்த அடுத்த கவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இருபது வருடமாக இந்த ஊரின் குப்பையைக் கையால் அள்ளிய ஒருவருக்கு, ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லித் தரவில்லை. முள் குத்தினால் எப்படித் துடைப்போமோ அப்படித் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், காயத்தை அமுக்கி ரத்தத்தைப் பிதுக்கக்கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக்கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவமனை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. ஷெட்டில் அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். சோப்பு, எதிரில் இருக்கிற டீக்கடையில் வாங்கியது. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, 'மஞ்சளை வைத்து அழுத்துங்கம்மா, சரியாப் போயிடும்' என்றார். அவர் மோசமான ஆள் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வண்டி கேட்டோம். லோடு ஏற்ற வேண்டும் என்றார்கள். ஷேர் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: 'மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி, ஹெபடைட்டிஸ் பி, போட்டிருக்கிறீர்களா?' அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பெயரையே அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறார்.

ஊசி யார் வீட்டுடையது என்று தெரியாது. அவர்களுக்கு என்ன நோய் இருக்கிறது என்றும் தெரியாது. அதனால் மருத்துவர் ரத்தம் எடுத்தார், டெட்டனஸ் ஊசி போட்டார், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டார், எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரையை 28 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு நான்கு நாள் கழித்து, கை வீங்கிய பிறகு போயிருந்தால் அந்த வாய்ப்பே போயிருக்கும்.

இப்படி ஒரு தடவை குத்தினால் எச்.ஐ.வி. வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான் என்று மருத்துவர் தைரியம் சொன்னார். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் சொன்னார். அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்ட ஊசி புதன்கிழமை எங்கள் மேசைக்கு வருகிறது. கணக்கு உங்களுக்கே புரியும்.

அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வருகைப் பதிவில் அரை நாள்தான் போட்டார்கள். அக்கா மறுநாளே வேலைக்கு வந்தார். மாத்திரையால் வாந்தியும் தலைசுற்றலும் இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டே நின்றார். வீட்டில் மகனிடமும் மருமகளிடமும் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறார். மாத்திரை டப்பாவின் மேலே இருந்த தாளைக் கிழித்துவிட்டு, முறுக்கு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். பேரனைத் தூக்கலாமா, ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று தினமும் என்னைக் கேட்கிறார். தூக்கலாம், சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது என்று நான் சொல்கிறேன். இதைச் சொல்ல வேண்டியது நானா?

சரி, இப்போது அந்தப் பயிற்சிக்கு வருகிறேன்.

செப்டம்பர் மாதம் ஒரு நாள் மதியம், ஷிப்ட் முடிகிற நேரத்தில் எங்கள் ஷெட்டுக்கு ஒரு பேனர் வந்தது. தூய்மைப் பணியாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி முகாம் என்று எழுதியிருந்தது. நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர் பத்து நிமிடம் பேசினார். ஊர் தூய்மைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அடுத்த வருடம் எத்தனையாவது இடத்துக்கு வர வேண்டும் என்பதைப் பற்றித்தான் அதிகமும் பேசினார். பிறகு புதுக் கையுறை, புது மாஸ்க், ஒளிரும் ஜாக்கெட் எல்லாம் கொடுத்து வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் கையுறையையும் ஜாக்கெட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஷெட்டில் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியாக ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். 'இரண்டு நாள் பயிற்சி பெற்றேன்' என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே எங்கள் பெயர்கள்.

எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தேன். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் அடுத்த மாதம் பட்டியலில் பெயர் இருக்காது என்கிற பயம்தான் காரணம். எனக்குப் பின்னால் நின்ற அக்கா கைநாட்டு வைத்தார். அந்தக் கைநாட்டைக் காட்டித்தான் இப்போது 'ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்' என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஊசி குத்திய கையின் கட்டை விரல் ரேகைதான் அதில் இருக்கிறது.

மருத்துவமனையில் நான் வேலை பார்த்தபோது இப்படி இல்லை. அங்கே என் மேல் தனிப் பாசம் யாருக்கும் கிடையாது. சட்டம் இருந்தது. மருத்துவக் கழிவுகளுக்கு 2016-இல் வந்த விதிகள், அந்தக் கழிவைக் கையாளும் எல்லாருக்கும் வேலையில் சேரும்போதே பயிற்சி கொடுக்க வேண்டும், அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது கொடுக்க வேண்டும் என்கின்றன. ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வருடா வருடம் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். டாக்டருக்கும் நர்சுக்கும் மட்டும் இல்லை, கழிவு மூட்டையைத் தூக்குகிறவருக்கும் சேர்த்துத்தான். ஆய்வுக்கு ஆள் வருவார்கள் என்பதால் நிர்வாகம் செய்தது. மூன்று தவணை ஊசியும் போட்ட அட்டை இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது.

அங்கே பயன்படுத்திய ஊசியை யாரும் வெறும் கவரில் போட முடியாது. வெட்டும் கருவியில் நுனியை வெட்டி, குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில் போடுவார்கள். டப்பா முக்கால் வாசி நிறைந்ததும் மூடி ஒட்டிவிடுவார்கள். அந்த டப்பாவைத்தான் நான் தூக்குவேன். அதே இன்சுலின் ஊசி ஒரு வீட்டிலிருந்து வந்தால், பால் கவருக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் நடுவில் மூடி இல்லாமல் வருகிறது. மருத்துவமனைக்குள் இருந்தால் ஆபத்தான பொருளாக இருக்கும் ஊசி, தெருவுக்கு வந்ததும் எப்படிச் சாதாரணக் குப்பையாக மாறிவிடுகிறது?

விதியில் அது சாதாரணக் குப்பை கிடையாது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வீட்டிலிருந்து வரும் ஊசி, பேட்டரி, டியூப் லைட், பூச்சி மருந்து டப்பா, காலாவதியான மருந்து எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றைப் போடுவதற்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையமாவது உள்ளாட்சி அமைக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு மையம் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஷெட்டில் யாருக்கும் தெரியாது. வீடு வீடாகப் போகும் வண்டிக்காரர்களுக்கும் தெரியவில்லை. ஊசி போட்டுக்கொள்கிற அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

சுற்றறிக்கையில் வந்த கையுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் சம்பளம் பிடிக்கப் போகிறார்கள்.

இந்த வருடத்தில் எனக்கு இரண்டு ஜோடி கையுறை கிடைத்தது. ஒன்று, மருத்துவமனையில் ஒரு தடவை போட்டுக் கழற்றி எறிகிற மெல்லிய ரப்பர் உறை. கண்ணாடித் துண்டு பட்டால் கிழிந்துவிடும். அரை மணி நேரத்தில் உள்ளே வியர்வை தேங்கி விரல் ஊறிப்போகும். இன்னொன்று, புள்ளி புள்ளியாக ரப்பர் ஒட்டிய நூல் கையுறை. காய்ந்த அட்டை தூக்குவதற்கு நல்லது. ஈரக் குப்பையில் ஒரு தடவை நனைந்தால் நாள் முழுக்க நாற்றத்தையும் கிருமியையும் கையோடு ஒட்டி வைத்திருக்கும். இரண்டுமே ஊசியை நிறுத்தாது. அதுவும் ஆண்கள் கை அளவு. எங்கள் ஷெட்டில் பிரிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விரல் நுனியில் அரை அங்குலம் காலியாகத் தொங்கினால் பால் கவரையும் எண்ணெய்க் கவரையும் பிரித்து எடுக்க முடியாது. மூட்டைக் கணக்கு குறைந்தால் அதற்கும் திட்டு. அதனால்தான் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறோம்.

பூட்ஸ் கதையும் இதுதான். என் கால் அளவு 5. வந்தது 8. துணியைத் திணித்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன், லாரி ஏறும்போது வழுக்கி விழுந்தேன். மழைக்கோட்டு தீபாவளிக்குப் பிறகு வரும் என்றார்கள். மழை வந்துவிட்டது, கோட்டு வரவில்லை.

திடக்கழிவு விதிகளின் 15-ஆம் விதி இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று எங்கள் சங்கத்தில் படித்துக் காட்டினார்கள். சீருடை, ஒளிரும் ஜாக்கெட், கையுறை, மழைக்கோட்டு, பொருத்தமான காலணி, முகக்கவசம் ஆகியவற்றை கழிவு மையத்தை நடத்துகிறவர் எல்லாப் பணியாளருக்கும் கொடுப்பதையும், பணியாளர்கள் அவற்றைப் பயன்படுத்துவதையும் உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டும். கொடுப்பது முதலில் வருகிறது, பயன்படுத்துவது பிறகு வருகிறது. சுற்றறிக்கை பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்து எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. 'பொருத்தமான காலணி' என்று விதி எழுதியவருக்கு, பொருந்தாத காலணி என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்கிறது. அதே விதியில் கழிவு சேகரிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் உள்ளாட்சியின் கடமை என்றும் இருக்கிறது. இவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் இரண்டு தடவை எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். விதியோ உள்ளாட்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

பயிற்சி என்று நான் கேட்பது பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஷெட்டில் இதுவரை நடந்தவற்றைப் பார்த்தாலே என்ன கற்றுத் தர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மூட்டையில் பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில் உடைந்து தரையில் ஊற்றிவிட்டது. நாற்றம் போகட்டும் என்று ஒரு பெண் அதன் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். தெருவில் தூவுவதற்கு எங்கள் கையில் கொடுக்கிற அதே பவுடர். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூன்று பேர் கண் எரிந்து, மூச்சு முட்டி வெளியே ஓடினார்கள். ஒருவருக்கு ஒரு வாரம் இருமல் நிற்கவில்லை. அந்த இரண்டையும் சேர்க்காதே என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அட்டையையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் அழுத்திக் கட்டுகிற பேலிங் மெஷினை ஓட்டிய தம்பி, அதற்கு முன்னால் ஓட்டியவர் செய்வதைப் பார்த்துப் பழகினவர். வேறு பயிற்சி கிடையாது. கம்பி சிக்கிக்கொண்டது என்று மெஷினை அணைக்காமலே கையை விட்டார். மோதிர விரலில் பாதி போய்விட்டது. சிவப்பு பட்டன் வேலை செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. கழிவு மையத்தில் விபத்து நடந்தால் அந்த மையத்தை நடத்துகிறவர் படிவம் ஆறில் உள்ளாட்சிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், உள்ளாட்சி அதைப் பரிசீலித்து உத்தரவு போட வேண்டும் என்று அதே 2016 விதிகளில் இருக்கிறது. அந்தத் தம்பியின் விரலுக்கு ஒரு படிவம் உங்களுக்கு வந்ததா? அக்காவின் கைக்கு வந்ததா? எனக்குத் தெரிந்து யாரும் எங்களிடம் வந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீங்கிப்போன போன் பேட்டரி இப்போது வாரத்துக்கு நான்கைந்து வருகிறது. அட்டையோடு சேர்ந்து மெஷினுக்குள் போய் நசுங்கினால் தீப்பிடிக்கும். எங்களில் பாதிப் பேர் அதை இரும்போடு போடுகிறார்கள், சிலர் உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்தே பார்க்கிறார்கள். ஷெட் முழுக்கக் காய்ந்த அட்டையும் பிளாஸ்டிக்கும்தான். ஒரே ஒரு வாசல். சென்னை பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலிலும், கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலிலும் எரிந்ததை டிவியில் பார்த்தபோது, எங்கள் ஷெட்டில் இப்படி நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பேசிக்கொண்டோம். பதில் தெரியவில்லை. தீபாவளி சமயத்தில் வெடிக்காத பட்டாசும் இதே அட்டைக் குவியலில்தான் கிடக்கிறது. சென்னையில் பட்டாசுக் கழிவைத் தனியாகச் சேர்த்து கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறார்கள். இங்கே எங்கள் மேசைக்கு அனுப்புகிறார்கள்.

டயப்பரையும் நாப்கினையும் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் தினமும் வெறும் கையால் எடுக்கிறோம். எடுக்கிற எங்களுக்கு இல்லாத கூச்சம் படிக்கிறவர்களுக்கு வேண்டாம். அதை நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. புனேயில் சுற்றிய பொட்டலத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கச் சொல்லி மக்களைப் பழக்கினார்கள். அங்கே குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவான ஸ்வச் அதை முன்னெடுத்தது. புள்ளியைப் பார்த்தால் பிரிக்கிறவர் திறக்க மாட்டார். ஒரு பேனாவும் பழைய செய்தித்தாளும்தான் செலவு.

இந்த வருடம் ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் எங்களைப் போன்றவர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து போராடியது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அரசு, தூய்மைப் பணியாளர்களுக்கு வரும் தொழில்சார் நோய்களுக்குத் தனி சிகிச்சைத் திட்டமும், பணியின்போது இறந்தால் பத்து லட்சம் ரூபாய் காப்பீடும் அறிவித்தது. அதே மாதம் சென்னை கண்ணகி நகரில் அதிகாலை வேலைக்குப் போன ஒரு பெண், தேங்கிய மழை நீரில் கால் வைத்து மின்சாரம் தாக்கி இறந்துபோனார். சாக்கடைக்குள் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் பத்து லட்சம் என்றது, 2023-இல் முப்பது லட்சம் என்றது. அந்தக் குடும்பங்களுக்கு அது கட்டாயம் வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு முன்கூட்டியே வேண்டியது மூன்று தவணைத் தடுப்பூசி. பிறந்த குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடுகிற அதே தடுப்பூசி. அக்காவின் பேரனுக்கு அது போட்டாகிவிட்டது. அக்காவுக்குப் போட இருபது வருடம் ஆனது, அதுவும் ஊசி குத்திய பிறகு.

சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மாதா மாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். அட்டை என் கையில் இல்லை, அக்கா கையிலும் இல்லை. எண் கேட்டால் ஆபீசில் இருக்கிறது என்கிறார்கள். வேலையில் காயம்பட்டு வேலைக்கு வர முடியாமல் போகும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை இ.எஸ்.ஐ.யில் கிடைக்கும் என்பது, விரல் போன தம்பிக்கு அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் தெரிந்தது.

ஆணையர் அவர்களே, இனி நான் கேட்பவை.

முதலில் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். நிறுவனம் பொறுப்பாகாது என்கிற வரியை உங்கள் பெயரைக் கீழே போட்டுக்கொண்டு ஒட்டியிருக்கிறார்கள். அது உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால், சம்மதம் இல்லை என்று நீங்களே எழுத்தில் சொல்லுங்கள். இந்த மாதச் சம்பளத்தில் யாருக்காவது பிடித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நிரந்தரம், ஒப்பந்தம், சுய உதவிக் குழு என்று பார்க்காமல் குப்பையைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் காலை வருகைப் பதிவு எடுக்கிற இடத்துக்கு வந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு வார்டு முடிந்துவிடும். முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அட்டையை எங்கள் கையில் கொடுங்கள். பழைய பேப்பர் கடைக்குக் குப்பை பொறுக்கி விற்கிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, எங்களுக்கு முன்னால் அந்தக் கவரைத் திறப்பது அவர்கள்தான்.

பயிற்சியை வேலை நேரத்தில், சம்பளத்தோடு, எங்கள் ஷெட்டில், எங்கள் மெஷினை வைத்தே நடத்துங்கள். அரசு மருத்துவமனையில் கழிவு வேலை பார்க்கும் மூத்த பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு வந்தால் அவர் எங்கள் பேச்சிலேயே சொல்லித் தருவார். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வரட்டும். மேற்பார்வையாளர்களும் எங்களோடு உட்காரட்டும். புதிதாகச் சேர்கிறவருக்கு மேசையில் நிற்பதற்கு முன்னால் அது கிடைக்க வேண்டும்.

கையுறை வாங்கும்போது எங்களில் நான்கு பெண்களைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை வரை வருகிற, எளிதில் கிழியாத, எங்கள் அளவுக் கையுறை. காலணிக்கு அளவு எடுங்கள். கிழிந்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுக்க ஷெட்டில் இருப்பு வேண்டும். கவரைக் கையால் துழாவாமல் மேசையில் கொட்டிப் பார்க்க நீளமான இடுக்கி வேண்டும். கையுறையைத் தாண்டியும் ஊசி குத்தும் என்பதால் தண்ணீர், சோப்பு, முதலுதவிப் பெட்டி, குத்தினால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று எழுதிய பலகை, போவதற்கு வண்டி, இவை ஒவ்வொரு ஷெட்டிலும் வேண்டும். பேலிங் மெஷினின் சிவப்பு பட்டன் இன்னும் சரியாகவில்லை. அதைச் சரிசெய்யும் வரை மெஷினை நிறுத்தி வையுங்கள்.

வீட்டு ஊசிகளுக்கு ஒரு வழி செய்யுங்கள். மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஊசி என்று எழுதித் தனியாகக் கொடுங்கள் என்று நம் வண்டிகளில் ஒலிக்கிற அறிவிப்பில் இன்றைக்கே சேர்க்கலாம். மருந்துக்கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்த டப்பாக்களைத் திரும்ப வாங்க ஏற்பாடு செய்யலாம். அபாயக் கழிவு மையம் எங்கே இருக்கிறது, இல்லையென்றால் எப்போது வரும் என்பதை மக்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பயிற்சிப் பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள். என் கையெழுத்தையும் அக்காவின் கைநாட்டையும் அடித்துவிடச் சொல்லுங்கள். பயிற்சி நடக்கிற அன்று நானே வந்து போடுகிறேன். தம்பியின் விரல், அக்காவின் கை, இந்த இரண்டு விபத்துகளுக்கும் படிவம் ஆறை வாங்குங்கள். எல்லாருக்கும் இ.எஸ்.ஐ. எண்ணை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். இதை எழுதினேன் என்பதற்காக எங்கள் ஷெட்டில் யாருடைய பெயரும் அடுத்த மாதப் பட்டியலிலிருந்து காணாமல் போகக்கூடாது. அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறேன்.

அக்காவுக்கு இந்த மாதம் 22-ஆம் தேதி இரண்டாவது தவணை ஊசி. ரத்தப் பரிசோதனை டிசம்பர் முதல் வாரத்தில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. அந்த நான்கு நாட்களுக்கும், அக்டோபர் 22-இல் பிடித்த அரை நாளுக்கும் அவருக்குச் சம்பளம் வேண்டும். பதிலைச் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிற அதே சுவரில் ஒட்டுங்கள். எல்லாரும் அங்கேதான் வருகைப் பதிவுக்கு நிற்போம்.

இப்படிக்கு,
உலர்கழிவு ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு தூய்மைப் பணியாளர்